நான்காவது கணவாய்: 23 நிமிடக் கடலடிப் பதிவு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கோலாலம்பூரின் செந்தூலில் கல்யாண வீடியோ எடுக்கும் ஓர் அண்ணன், தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லித்தரும் அவருடைய தங்கை. இருவரும் மலேசியாவின் தியோமான், பெர்ஹெந்தியான் தீவுக் கடல்களில் பல வருடமாக முக்குளித்துப் பழகியவர்கள். ஒரு ஜூன் மாதம் தென் ஆஸ்திரேலியாவின் வயாலா நகருக்குப் போய், அங்கே குளிர்காலத்தில் கூட்டம் கூட்டமாக வரும் பெருங்கணவாய்களைப் படம் பிடித்து வந்தார்கள். கொண்டுவந்த கோப்புகளில் பெரும்பாலானவை அரை நிமிடம், ஒரு நிமிடம் ஓடுபவை. ஒன்று மட்டும் 23 நிமிடம் ஓடுகிறது. இந்த ஆய்வு அந்த ஒரு கோப்பைப் பற்றியது.

அதில் நான்கு கணவாய்கள் வருகின்றன. பாறை விளிம்புக்கு அடியில் ஒரு பெண். அதைக் காவல் காக்கும் பெரிய ஆண். வெளியிலிருந்து வந்து மோதும் இன்னொரு ஆண். நான்காவதாகச் சத்தமில்லாமல் உள்ளே நுழையும் ஒரு சிறிய உயிர். பிரிக்ஃபீல்ட்ஸில் நண்பர்கள் கூடி இதைப் பெரிய திரையில் ஓட்டிப் பார்த்தபோது, அறையில் இருந்தவர்களில் பலர் அந்த நான்காவதைப் பெண் என்றார்கள். பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் ஆசிரியை கடலுக்கு அடியிலேயே தன் ஸ்லேட்டில் பென்சிலால் எழுதியிருந்தார்: “சின்னது. பெண் இல்லை?” அந்தக் கேள்விக்குறிக்கு விடை தேடித்தான் கோப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தோம். பதில் கிடைத்தது. அந்தப் பதில் எப்படிக் கேமராவுக்குள் வந்தது என்பது இன்னும் முக்கியமாக எனக்குப் படுகிறது. மிதவெப்பக் கடலில் படம் எடுக்கப் போகும் நம் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் அதில் விஷயம் இருக்கிறது.

இடம்

வயாலா ஓர் இரும்பு உருக்கு ஆலை நகரம். அடிலெய்டிலிருந்து சாலை வழியாக நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நகரத்துக்கு வெளியே பாயிண்ட் லோலி, ஸ்டோனி பாயிண்ட் என்ற கரைப்பகுதிகள் இருக்கின்றன. ஸ்பென்சர் வளைகுடாவின் மேல்முனையில் உள்ள அந்தக் கரையோரப் பாறைத்தட்டுகளுக்கு ஒவ்வொரு வருடமும் மே முதல் ஆகஸ்ட் வரை செபியா அபாமா என்ற ஆஸ்திரேலியப் பெருங்கணவாய் இனப்பெருக்கத்துக்காக வந்து கூடுகிறது. கணவாய் இனங்களிலேயே பெரியது இதுதான். உடல் மட்டும் அரை மீட்டர் வரை வளரும், எடை 10 கிலோவைத் தொடும். கணவாய்கள் இத்தனை எண்ணிக்கையில் ஒன்றுகூடி முட்டையிடும் இடம் உலகத்தில் வேறு எங்கும் அறியப்படவில்லை.

இங்கே வருவதற்கு ஒரு காரணம் பாறை. வளைகுடாவின் மேல்பகுதியில் அடித்தளம் பெரும்பாலும் மணலும் சேறும்தான். முட்டையை ஒட்டிவைக்கத் தட்டையான பாறையின் அடிப்பக்கம் வேண்டும். அது இந்தச் சில கிலோமீட்டர் கரையில்தான் தாராளமாகக் கிடைக்கிறது. அதனால் எல்லாமே 2 முதல் 8 மீட்டர் ஆழத்துக்குள், கரையிலிருந்து நடந்து இறங்கும் தூரத்தில் நடக்கின்றன. படகு வேண்டாம், ஆழம் இல்லை. இந்த வசதியே ஒரு காலத்தில் அவற்றுக்கு ஆபத்தாகவும் ஆனது. 1997-இல் மட்டும் ஏறத்தாழ 250 டன் கணவாய் இங்கிருந்து பிடிக்கப்பட்டது. அடுத்த வருடமே அந்தப் பகுதியில் கணவாய் பிடிக்கத் தடை வந்தது. 1999-இல் 1,80,000-க்கு மேல் இருந்ததாகக் கணக்கிடப்பட்ட கூட்டம், 2013-இல் ஏறத்தாழ 13,500 ஆகச் சுருங்கியது. 2020 வாக்கில் மறுபடியும் 2 லட்சத்தைத் தாண்டியது. இந்த உயிர்கள் ஒன்றிரண்டு வருடமே வாழ்பவை, இனப்பெருக்கம் முடிந்ததும் இறந்துவிடுபவை. ஒரு பருவம் கெட்டால் அடுத்த தலைமுறையே கேள்விக்குறியாகிவிடும். இங்கே ஒரு முட்டையைக்கூடத் தட்டிவிடக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

செந்தூலில் நடந்த தயாரிப்பு

தியோமானில் தண்ணீர் 28, 29 டிகிரி. வயாலாவில் ஜூன் மாதம் 13. தண்ணீர் உடற்சூட்டைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும். ஆகவே வெட்சூட் என்ற முக்குளிப்பு ரப்பர் உடுப்பு 3 மில்லிமீட்டர் தடிமனில் இருந்தால் அங்கே ஒன்றுக்கும் ஆகாது. 7 மில்லிமீட்டர் இரண்டடுக்கு உடுப்பு, தலைக்கு ஹூட், கைக்கு 5 மில்லிமீட்டர் கையுறை எல்லாம் வேண்டும். உடுப்பை அங்கேயே வாடகைக்கு எடுப்பது என்று முடிவானது. கையுறையை மட்டும் முன்கூட்டியே வாங்கினார்கள். அது நல்ல முடிவு.

ஏனென்றால் தங்கை ஒரு பயிற்சி யோசித்தார். வீட்டு வாசலில் ஒரு பெரிய பேசினை வைத்து, பக்கத்துக் காப்பிக்கடையில் ஐஸ் வாங்கிக் கொட்டி, தண்ணீரை நிரப்பினார். கேமராவுக்கான நீர்புகாப் பெட்டியை, அதாவது ஹவுசிங்கை, அதில் முக்கி, அண்ணன் கையுறையோடு கையை உள்ளே விட்டு ஒவ்வொரு பட்டனையும் பார்க்காமலே அழுத்த வேண்டும். ரெக்கார்டு, வைட் பேலன்ஸ் (நிறச்சமன்), ஃபோகஸ் லாக். பத்து நிமிடத்தில் அண்ணனுக்கு விரல் நுனி மரத்துப்போனது. எந்த பட்டன் பெருவிரலுக்கு எட்டவில்லை, எந்த லீவர் வழுக்குகிறது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துபோனது. ரெக்கார்டு லீவரின் முனையில் ரப்பர் துண்டு ஒன்றை ஒட்டினார்கள். கோலாலம்பூரில் இருந்துகொண்டு குளிர்கடலுக்குத் தயாராக இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

மூழ்கி நிற்பதற்காக உடம்பில் கட்டும் ஈயத்தின் எடைக்கணக்கு அவ்வளவு சுலபமாக ஒத்துவரவில்லை. கொண்டோமினியத்தின் நீச்சல்குளத்தில் பார்த்த எடை, நல்ல தண்ணீருக்கானது. கடலுக்கு வந்தால் ஓர் ஆளுக்கும் அவருடைய சாமான்களுக்கும் சேர்த்து இரண்டு, இரண்டரை கிலோ ஈயம் கூடுதலாக வேண்டும். ஸ்பென்சர் வளைகுடாவின் மேல்முனையில் அதற்கும் மேலே. அங்கே ஆறு எதுவும் பெரிதாக வந்து கலப்பதில்லை, வெயிலில் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. சாதாரணக் கடலில் லிட்டருக்கு 35 கிராம் அளவு உப்பு என்றால் இங்கே 40 கிராமைத் தாண்டும். உப்பு கூடக்கூட உடம்பு மிதக்கும். தடித்த வெட்சூட்டும் மிதக்கும். மூன்று மீட்டர் ஆழத்தில் அழுத்தம் குறைவு என்பதால் அந்த உடுப்பு அதிகம் சுருங்குவதில்லை, மிதப்பில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். போதாததற்கு, சிலிண்டரில் காற்று குறையக் குறைய அதுவும் இரண்டு கிலோ வரை லேசாகிறது. ஆழமில்லாத இடத்தில் நின்று படம் எடுப்பவருக்கு இந்த இரண்டு கிலோதான் வினை. கடைசிப் பதினைந்து நிமிடத்தில் பலூன் மாதிரி மேலே கிளம்பிவிடுவார். இருவரும் கரையோரத்தில் கிட்டத்தட்டக் காலியான சிலிண்டரோடு எடை பார்த்து, தியோமானில் கட்டுவதைப்போல மூன்று மடங்கு ஈயம் கட்டினார்கள்.

பச்சைத் தண்ணீர்

முதல் நாள் எடுத்த படங்கள் எதுவும் தேறவில்லை. ஏன் என்று பார்ப்பது இந்த ஆய்வுக்கு அவசியம்.

முதல் கோளாறு, ஹவுசிங்கின் முன்னால் உள்ள வளைந்த கண்ணாடியான டோம் போர்ட்டின் உள்பக்கம் படிந்த பனிமூட்டம். சூடேற்றிய காரில் உட்கார்ந்து ஹவுசிங்கை மூடியிருந்தார்கள். உள்ளே அடைபட்ட காற்று வெதுவெதுப்பாக, ஈரமாக இருந்தது. 13 டிகிரித் தண்ணீரில் இறங்கியதும் கண்ணாடி குளிர்ந்து, அந்த ஈரம் முழுவதும் அதன்மேல் படிந்தது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் உள்ளே இருந்தது உண்மைதான். ஆனால் அது செந்தூல் வீட்டு அலமாரியில் இருந்தபோதே நம் ஊர்க் காற்றின் ஈரத்தைக் குடித்து நிறைந்துபோன பொட்டலம். ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டிய மணிகள் கரும்பச்சையாக மாறியிருந்தன. மறுநாளிலிருந்து பொட்டலத்தை ஓவனில் காயவைத்து, விடிகாலைக் குளிரில் வெளியே நின்று ஹவுசிங்கை மூடினார்கள். மூட்டம் அத்தோடு போனது.

இரண்டாவது, நிறம். நம் கிழக்குக்கரைத் தீவுகளில் தண்ணீர் நீலம். அதற்கென்று செய்த சிவப்பு ஃபில்டர் அண்ணனிடம் இருந்தது. மிதவெப்பக் கடலில் ஊட்டச்சத்து அதிகம், நுண்பாசி அதிகம். பாசி நீலத்தையும் சிவப்பையும் உறிஞ்சிக்கொண்டு பச்சையை விட்டுவைக்கும். பச்சைத் தண்ணீரில் சிவப்பு ஃபில்டர் போட்டால் படம் பழுப்பும் மஞ்சளுமாக வரும். பச்சைக்கு எதிர் நிறமான மெஜந்தா ஃபில்டர்தான் அங்கே சரி. அதுவும் இல்லையென்றால், மூன்று நான்கு மீட்டர் ஆழத்தில் சூரிய வெளிச்சத்தில் இன்னும் கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருக்கும் என்பதால், ஃபில்டரைக் கழற்றிவிட்டு வெள்ளை ஸ்லேட்டைக் காட்டி வைட் பேலன்ஸ் எடுத்தாலே போதும். தங்கையின் ஸ்லேட் அதற்கும் பயன்பட்டது.

மூன்றாவது, விளக்கு. பார்வைத்தூரம் ஆறு மீட்டர்தான். வீடியோ விளக்கு இரண்டையும் போட்டதும் தண்ணீரில் மிதக்கும் துகள் எல்லாம் ஒளிர்ந்து, படம் முழுக்க வெள்ளைப் புள்ளி. அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. விளக்கு தன் பக்கம் திரும்பியதும் காவல் ஆண் தன் வேலையை விட்டுவிட்டுக் கேமராவை முறைத்தது. அதன் உடலில் வரிக்குதிரைக் கோடுகள் ஓடின. பார்க்க அழகுதான். ஆனால் அது கேமராவுக்கு விடுத்த எச்சரிக்கை. அந்தக் காட்சியைக் கணவாயின் இயல்பான நடத்தை என்று யாருக்கும் காட்ட முடியாது. கடலுயிர்ப் படம் எடுப்பவர்கள் இந்த இடத்தில் நேர்மையாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நம்மைப் பார்த்து மிரண்ட உயிரின் படம், நம்மைப் பற்றிய படம்தான்.

விரல் மரத்த கதை

இரண்டாம் நாள் விளக்கைக் கரையிலேயே விட்டுவிட்டு இறங்கினார்கள். அண்ணன் கல்யாண மண்டபத்தில் பழகிய முறையிலேயே எடுத்தார். ஓர் இடத்தில் அரை நிமிடம், அப்புறம் கோணம் மாற்று, அப்புறம் அடுத்த ஜோடி. 35 நிமிடம் போனதும் விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. லீவரை அழுத்தி ரெக்கார்டைத் தொடங்க முடிந்தது. திருப்பி இழுத்து நிறுத்த முடியவில்லை. தங்கையிடம் கையைக் காட்டி, முடியவில்லை என்று சைகை செய்தார்.

தங்கை யோசிக்கவே இல்லை. கேமராவின் சிறிய முக்காலியைப் பாறைத்தட்டுக்கு முன்னால் இருந்த சரளைத் திட்டில் வைக்கச் சொன்னார். வைக்குமுன் அந்த இடத்தில் முட்டை எதுவும் இல்லை என்று குனிந்து பார்த்தார். முக்காலிமேல் ஓர் ஈயக்கட்டியை ஏற்றினார். இருவரும் மூன்று மீட்டர் பின்வாங்கி, அசையாமல் பக்கத்துப் பக்கத்தில் நின்றுகொண்டார்கள்.

பின்னால் இதைப்பற்றிப் பேசும்போது அண்ணன் சொன்னார்: “நீ மேலே போகலாம்னு சொல்லுவேன்னு நினைச்சேன்மா.”

“இல்லண்ணே, உங்களுக்கு நடுக்கம் வரலியே. விரல்தானே போச்சு. நடுக்கம் வந்தா ஏறிடணும்னுதானே பேசி வச்சோம்?”

அந்தப் பேச்சு முன்கூட்டியே நடந்தது மிக முக்கியம். முக்குளிக்கும்போது உடம்பில் கரையும் நைட்ரஜனின் கணக்கு அந்த ஆழத்தில் ஒரு பொருட்டே இல்லை. சிலிண்டரில் காற்றும் தாராளம். அங்கே முக்குளிப்பை முடித்துவைப்பது குளிர் மட்டும்தான். விரல் மரத்தால் வேலையை நிறுத்துவது, நடுக்கம் தொடங்கினால் உடனே ஏறுவது, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஓகே சைகை கேட்பது என்று மூன்றும் கரையிலேயே முடிவாகியிருந்தன. சைகைக்குப் பதில் தாமதமாக வந்தாலும் ஏறிவிட வேண்டும், ஏனென்றால் குளிர் முதலில் விரலையும் அப்புறம் புத்தியையும் மந்தமாக்கும். இவ்வளவு பேசிவைத்திருந்ததால்தான், விரல் மரத்த பிறகும் பதற்றமில்லாமல் நிற்க முடிந்தது.

அந்த 23 நிமிடம்

முதல் நான்கு நிமிடத்தில் பார்க்க ஒன்றும் இல்லை என்றுதான் தோன்றும். பாறை விளிம்புக்கு அடியில் பெண் பதுங்கியிருக்கிறது, செம்பழுப்பும் வெள்ளையும் கலந்த புள்ளித்தோல். விளிம்புக்கு மேலே காவல் ஆண் மிதக்கிறது. அதன் கண்மணி ஆங்கில டபிள்யூ எழுத்தைப்போல வளைந்தது. அந்தக் கண் கேமராமேலேயே நிற்கிறது. தோலில் கோடுகள் ஓடி அடங்குகின்றன. நான்காவது நிமிடம் முடியும்போது கண் விலகிப் பெண் பக்கம் போகிறது. கேமரா அதற்கு ஒரு கல்லாகிவிட்டது. இந்த நான்கு நிமிடத்தைக் கொடுக்காமல் பிறகு வரும் எதுவும் கிடைத்திருக்காது. முந்தைய நாள் எடுத்த அரை நிமிடத் துண்டுகள் எல்லாமே இந்த முறைப்புக் கட்டத்துக்குள்ளேயே தொடங்கி முடிந்துபோனவை என்பது இதற்குப் பிறகுதான் புரிந்தது.

ஐந்தாவது நிமிடத்தில் காவல் ஆண் பெண்ணை நெருங்குகிறது. பெண்ணின் துடுப்பு அடியோரமாக ஒரு வெண்கோடு பளிச்சென்று தோன்றுகிறது. அது விருப்பமில்லை என்பதன் அடையாளம். ஆண் பின்வாங்குகிறது. இந்த இனத்தின் பெண்கள் இணைசேர வரும் முயற்சிகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை மறுத்துவிடுகின்றன. ஒரு பெண்ணுக்கு நான்கு ஆணிலிருந்து பத்து ஆணுக்கு மேல்வரை இருக்கும் கூட்டத்தில், தேர்ந்தெடுப்பது பெண்தான்.

ஏழாவது நிமிடத்தில் போட்டி ஆண் வலப்பக்கமாக வருகிறது. இரண்டும் பக்கவாட்டில் இணையாக நின்று, கைகளை நீட்டி விரித்து, உடலைத் தட்டையாக்கி அளவு காட்டுகின்றன. கறுப்பு வெள்ளைப் பட்டைகள் தலையிலிருந்து வால்வரை அலையாக ஓடுகின்றன. கணவாய்த் தோலின் நிறப்பைகள் ஒவ்வொன்றையும் சுற்றிச் சின்னஞ்சிறு தசைகள் உண்டு. அவற்றுக்கு மூளையிலிருந்தே நேராக நரம்பு வருகிறது. அதனால்தான் இந்த வேகம். இத்தனை நிறவித்தை காட்டும் இந்த உயிருக்கு நிறம் பிரித்தறியும் கண் இல்லை என்பதை எத்தனைமுறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஒளியின் அடர்த்தியையும் முனைவாக்கத்தையும் (ஒளி அலை அதிரும் திசை) வைத்தே அது உலகத்தைப் படிக்கிறது.

பதினொன்றரை நிமிடத்தில் நான்காவது வருகிறது. பெரிய ஆண் இரண்டும் ஒன்றையொன்று அளந்துகொண்டிருக்கும்போது, படத்தின் வலது கீழ் மூலையில் தரையோடு தரையாக ஊர்கிறது. புள்ளித்தோல். கைகளைச் சுருட்டி முன்னால் குவித்து வைத்திருக்கிறது, முட்டையிடப் பாறை தேடும் பெண் வைத்திருப்பதுபோலவே. காவல் ஆண் திரும்பிப் பார்க்கிறது. விரட்டவில்லை. ஒரு கையை அதன்மேல் படரவிட்டு, இன்னொரு பெண் கிடைத்தது என்பதுபோல அதையும் தன் காவலுக்குள் சேர்த்துக்கொள்கிறது.

பதினான்காவது நிமிடத்தில் போட்டி ஆண் மறுபடி வருகிறது. காவல் ஆண் அதைத் துரத்திக்கொண்டு படத்தைவிட்டே வெளியே போகிறது. அந்த இடைவெளியில் நான்காவது கணவாய், பெண்ணின் முகத்துக்கு நேராகத் திரும்புகிறது. இரண்டும் தலைக்குத் தலை வைத்துக் கைகளைப் பின்னிக்கொள்கின்றன. ஒன்றரை நிமிடத்துக்கு மேல் அந்த நிலை நீடிக்கிறது. பெண்ணிடம் வெண்கோடு இல்லை. பிரிந்ததும் நான்காவது மறுபடி கைகளைச் சுருட்டிக்கொள்கிறது. காவல் ஆண் திரும்பி வரும்போது அங்கே இரண்டு ‘பெண்கள்’ அமைதியாக இருக்கின்றன. பதினெட்டாவது நிமிடத்தில் சிறியது வந்தவழியே ஊர்ந்து போய்விடுகிறது.

இருபத்தொன்றாவது நிமிடத்தில் பெண் விளிம்புக்கு அடியில் கைகளை நீட்டி, ஒரு முட்டையைப் பாறையின் கீழ்ப்புறத்தில் ஒட்டுகிறது. வெள்ளையாக, சின்ன எலுமிச்சை வடிவில் இருக்கும் முட்டை. மூன்று முதல் ஐந்து மாதத்தில் குஞ்சு வெளிவரும். அதற்குப் பிறகு படத்துக்குள் ஒரு கையுறை வந்து கேமராவை எடுக்கிறது. அண்ணனுக்கு நடுக்கம் தொடங்கிவிட்டது.

ஆணா, பெண்ணா?

பெண்வேடமிடும் சிறிய ஆண்கள் இந்தக் கூட்டத்தில் உண்டு என்பது புதிதல்ல. கணவாய் ஆய்வாளர் ரோஜர் ஹான்லனும் அவருடைய குழுவினரும் இதே கடற்கரையில் ஆராய்ந்து, 2005-இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். வேடமிட்ட ஆண்கள் செய்த முயற்சிகளில் கிட்டத்தட்டப் பாதியில் காவல் ஆண் ஏமாந்துபோனது. அப்படிச் சேர்ந்த ஆண்கள் முட்டைகளைக் கருவுறச் செய்தன என்பதை மரபணுச் சோதனையும் காட்டியது. ஆகவே கேள்வி, இப்படி நடக்குமா என்பதல்ல. இந்தக் கோப்பில் நடந்தது அதுதானா என்பதே.

கோப்பை ஒவ்வொரு சட்டமாக (ஃபிரேம்) நகர்த்திப் பார்த்தபோது மூன்று விஷயங்கள் கிடைத்தன. முதலாவது, தலைக்குத் தலை பின்னிய நிலை. கணவாய் இணைசேர்வது இப்படித்தான். ஆண் தன் விந்துப்பொதியைப் பெண்ணின் வாய்க்குக் கீழே உள்ள பையில் வைக்கும். இரண்டு பெண்களுக்கு இந்த நிலையில் வேலை இல்லை. இரண்டாவது, கை. வளர்ந்த ஆணின் நான்காம் கைச்சோடி நீளமானது, ஓரத்தில் அகன்ற சவ்வு உண்டு. பெண்ணுக்கு அப்படி இல்லை. சிறியது உள்ளே வரும்போது அந்தக் கைகளை மற்றவற்றுக்கு அடியில் மடித்து மறைத்திருந்தது. பெண்ணை நோக்கித் திரும்பும் கணத்தில் இடதுபக்கக் கை சில சட்டங்களுக்கு மட்டும் விரிகிறது. சவ்வின் விளிம்பு தெளிவாகத் தெரிகிறது. மூன்றாவது, தோல். காவல் ஆண் படத்தைவிட்டு வெளியேறியதும் சிறியதன் முதுகில் ஒரு பட்டைக்கோடு அரை வினாடிக்கும் குறைவாகத் தோன்றி மறைகிறது. ஆணின் பட்டை அது.

மூன்றில் எதையும் தனியாக எடுத்தால் நான் தயங்குவேன். பட்டைக்கோட்டை மட்டும் வைத்து முடிவு செய்வது மோசமான பழக்கம். கணவாய்த் தோல் எதையும் காட்டும். சிட்னி பக்கம் வாழும் செபியா பிளாங்கோன் என்ற வேறோர் இனத்தின் ஆண், உடம்பின் ஒருபக்கம் பெண்ணுக்கு ஆண்கோலத்தையும் மறுபக்கம் போட்டி ஆணுக்குப் பெண்கோலத்தையும் ஒரே நேரத்தில் காட்டுவது 2012-இல் பதிவாகியிருக்கிறது. ஆனால் இங்கே நிலையும் கையும் தோலும் ஒரே கணத்தில் ஒத்துப்போகின்றன. நான்காவது ஓர் ஆண்.

இந்தப் படம் சொல்லாதது ஒன்று உண்டு. கடைசியில் ஒட்டிய அந்த முட்டைக்கு யார் தகப்பன் என்பதைப் படம் காட்டாது. பெண் பல ஆண்களின் விந்தைச் சேமித்துவைக்கும். ‘ஏமாற்றுக்காரன் ஜெயித்தான்’ என்று தலைப்புப் போடலாம் என்று ஒரு நண்பர் சொன்னபோது தங்கை ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பக்கம்தான் நியாயம்.

எது இதைச் சாத்தியமாக்கியது

விரல் மரத்தது தற்செயல். ஆனால் தற்செயல் மட்டும் இந்தக் கோப்பைக் கொடுக்கவில்லை. ஃபோகஸை முன்னமே பூட்டியிருந்தார்கள். அந்தப் பச்சை மங்கலில் ஆட்டோஃபோகஸை நம்பியிருந்தால் ஒவ்வொரு துகளுக்கும் அது முன்னும் பின்னும் அலைந்து, சவ்வின் விளிம்பு தெரிந்த அந்தச் சில சட்டங்களே மங்கியிருக்கும். லென்ஸின் ஒளித்துளையான அபர்ச்சரைச் சுருக்கி எஃப் 8-இல் வைத்திருந்ததால் டோமின் ஓரங்களும் தெளிவாக விழுந்தன. நான்காவது நுழைந்ததே ஒரு மூலையில்தானே. அகன்ற லென்ஸ், அரை மீட்டர் தூரம். நடுவில் தண்ணீர் குறைவு என்பதால் மங்கலும் குறைவு. வினாடிக்கு 50 சட்டம் வைத்ததால்தான் அரை வினாடிப் பட்டையில் எண்ணிப்பார்க்கச் சட்டங்கள் மிஞ்சின.

எல்லாவற்றுக்கும் மேலாக, படம் எடுப்பவரும் பார்ப்பவரும் வேறு வேறு ஆள். வியூஃபைண்டருக்குள் கண்ணை வைத்திருப்பவருக்குச் சட்டத்துக்கு வெளியே நடப்பது தெரியாது. காவல் ஆண் துரத்திக்கொண்டு எவ்வளவு தூரம் போனது, போட்டி ஆண் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, சிறியது அதற்கு முன்னால் எங்கே காத்திருந்தது என்ற விவரங்கள் கோப்பில் இல்லை. தங்கையின் ஸ்லேட்டில் இருக்கின்றன. சிறியது இரண்டு நிமிடமாக ஒரு பாசிக்கொத்துக்குப் பின்னால் காத்திருந்ததாக அவர் நேரத்தோடு குறித்திருக்கிறார். அந்தக் குறிப்பு இல்லாமல் படத்தைப் பார்த்தால், அது தற்செயலாக வந்து நுழைந்த மாதிரிதான் தோன்றும். நம் குழுவில் இருவர் இறங்கினால் இருவர் கையிலும் கேமரா இருப்பது வழக்கமாகிவிட்டது. அதை நான் ஏற்கவில்லை. ஒருவர் கையில் பென்சில் இருக்கட்டும்.

இந்தக் குறிப்புகளுக்கு இன்னொரு தேவையும் வந்துவிட்டது. 2025 மார்ச்சில் தென் ஆஸ்திரேலியக் கடலோரத்தில் கரேனியா என்ற நுண்பாசி பெருகத் தொடங்கி, மாதக்கணக்கில் நீடித்து, மீன், திருக்கை, இலைக் கடல்நாகம் என்று எத்தனையோ உயிர்களைக் கரையொதுக்கியது. பாயிண்ட் லோலியில் கணவாய் முட்டைகளைக் காப்பதற்காகக் கடலடியில் காற்றுக்குமிழித் திரை அமைக்கும் அளவுக்குக் கவலை எழுந்தது. இடம், தேதி, ஆழம், வெப்பநிலை குறித்த வெட்டாத பதிவு ஒன்று, இப்படிப்பட்ட கடலில் அடுத்தடுத்த பருவங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும். பாட்டு சேர்த்த ஒன்றரை நிமிட வீடியோ அதற்கு உதவாது.

மூன்றாம் நாள் அண்ணன் வேண்டுமென்றே கேமராவை வைத்துவிட்டுப் பின்வாங்கினார். அன்றைய நீளக்கோப்பில் பெண் ஒன்று அடுத்தடுத்து முட்டை ஒட்டுவது பதிவானது. வேடமிட்ட ஆண் வரவில்லை. அதுவும் ஒரு தகவல்தான் என்று அந்தக் கோப்பையும் அவர்கள் அழிக்கவில்லை.

இப்போது கணினியில் இரண்டு வடிவம் இருக்கிறது. குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் காட்ட நான்கு நிமிடத்துக்கு வெட்டியது ஒன்று. ஸ்லேட் குறிப்பின் நேரங்களைக் கீழே எழுத்தாக ஓடவிட்டு, ஒரு சட்டம்கூட வெட்டாத 23 நிமிடம் இன்னொன்று. வகுப்பில் தங்கை காட்டுவது இரண்டாவதை. அடுத்ததாகத் தியோமானில் அகன்ற கைக்கணவாய் முட்டையிடும் பவளத்திட்டு ஒன்றின் முன்னால் இதே முறையில் கேமராவை வைத்துப் பார்க்கப் போகிறார்கள். அங்கே தண்ணீர் வெதுவெதுப்பானது, விரல் மரக்காது. அதனால் எத்தனை நிமிடம் கேமராவைத் தொடக்கூடாது என்பதைக் கரையிலேயே எழுதிவைத்துவிட்டு இறங்குவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். முக்காலியைப் பவளத்தின்மேல் வைக்க முடியாது. மணல் திட்டு கிடைக்கும் இடமாகப் பார்த்துவைக்கும் வேலையை நான் ஏற்றிருக்கிறேன்.